அடுத்த வரி

திரையில் வீட்டை விட்டுப் போன மனிதன் அன்றைக்கும் திரும்பி வரவில்லை.

என்ஜின் ரூமில் ஜெனரேட்டர் கிளம்பி, எஸ்டேட் லயத்து வீடுகளின் விளக்குகள் முதலில் பழுத்த மஞ்சளாக நடுங்கி, பிறகு மெல்ல வெளுத்து நிலைகொள்ளும் அந்திப் பொழுது. பெர்னதெத் கேசட் பெட்டிக்குள் நாடாவைப் போட்டு, அது கீச்சிட்டும் கரகரத்தும் தன் அழுகையை முடிக்கும்வரை கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். பிறகு கம்ப்யூட்டரின் ரப்பர் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினாள். பழைய டிவியில் கோடுகளால் ஆன ஒரு வீடு எழுந்தது. கூரை, ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவு திறந்தது. நாலைந்து குறிகளைக் கோத்துச் செய்த ஒரு மனிதன் வெளியே வந்து, வலப்பக்கமாகத் தத்தித் தத்தி நடந்து, திரையின் ஓரத்தில் காணாமல் போனான். கதவு திறந்தபடியே இருந்தது.

“அப்பா இன்னும் வரலம்மா,” என்றாள் பெர்னதெத், திரும்பிப் பார்க்காமல்.

அடுப்படியில் பெட்ரிசியாவின் கரண்டி சட்டியிலேயே நின்றது. ஆறு வயதுப் பிள்ளை. திரையில் இருப்பதைத்தான் சொல்கிறாள். அந்த மனிதனுக்கு அவள் வைத்த பெயர் அது, அவ்வளவுதான். பெட்ரிசியா கரண்டியால் மறுபடியும் கிளறினாள். கருவாட்டுக் குழம்பின் வாசனை எழுந்து கண்ணைக் கரித்தது.

ஆம்புரோஸுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. சுங்கை காடுட்டில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் அவனுக்கு இரவு ஷிப்டு. கோலா பிலாவிலிருந்து இறங்கும் மலைச் சாலையில், புக்கிட் புத்துஸ் வளைவில், மரம் ஏற்றி வந்த ஒரு லோரி அவனுடைய மோட்டார் சைக்கிளை நசுக்கிவிட்டுப் போனது. பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். கோயிலில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: தங்கமான மனுஷன், சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அது உண்மை. அவன் சத்தம் போட்டதே இல்லை. கோபம் வந்தால் அவன் இன்னும் மென்மையாகிவிடுவான். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவான், ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பான். அதற்குப் பிறகு நடப்பதில் சத்தம் எல்லாம் அவளுடையது. அதையும் அவள் சீக்கிரமே விழுங்கக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அவள் தூங்கினாள். யாரிடமும் சொல்ல முடியாத செய்தி அது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாகப் படுத்ததும் தூங்கி, விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடிக்கும்போது விழித்தாள். எஸ்டேட் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்போது, அவளை அறியாமல் பாட்டுக்கூட வந்தது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள். துக்கத்தில் இருக்கும் பெண் பாடக்கூடாது. தான் துக்கத்தில் இருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் கதவு திறந்து கிடக்கும் அந்த ஆளில்லாத வீட்டைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் யாரும் இல்லை. யாரும் வரவும் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிறு ஒருநாள்தான் பகலிலும் என்ஜின் ஓடும். ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் ஆம்புரோஸ் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். முந்தின வாரம் பாதி எழுதி நாடாவில் ஏற்றியிருந்த புரோகிராமின் மீதியைத் தட்டிக்கொண்டிருந்தான். சாப்பிடக்கூட எழவில்லை. சாயங்காலம் பெர்னதெத் உருண்டு போன பந்தை எடுக்க மேசைக்கு அடியில் புகுந்தாள். வெளியே வரும்போது காலில் வயர் சிக்கியது. திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. காலையிலிருந்து தட்டியதெல்லாம் அதோடு போனது.

வீட்டில் சத்தம் நின்றுபோனது. அந்த மௌனத்தைப் பெட்ரிசியா நன்றாக அறிவாள். ஆனால் அதுவரை அது அவளை மட்டுமே நோக்கி வந்திருந்தது. பிள்ளைமேல் அவன் ஒருநாளும் கைவைத்ததில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அவள் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பிள்ளையின் முன்னால் போய் நின்றான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே, கொஞ்சுவது போன்ற குரலில் சொன்னான்:

“இரு. அப்பா போயிட்டு வந்து வச்சிக்கிறேன்.”

பெர்னதெத் சிரித்தாள். ஏதோ வாங்கி வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பெட்ரிசியாவுக்குப் புரிந்தது. அன்றிரவு முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்து, விடிந்து அவன் வரும்போது பிள்ளைக்கு முன்னால் போய் எப்படி நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் போலீஸ்காரர்தான் வந்தார்.

•

டொனால்ட் சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். ஆம்புரோஸின் தம்பி, அதே ஃபேக்டரியில் பகல் ஷிப்டு. கையில் மீ கோரெங் பொட்டலம், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அண்ணன் முகத்தில் இருந்த எல்லாமும் அவன் முகத்தில் இருந்தன. ஆனால் வேறு மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“சித்தப்பா, அப்பா வெளிய போனாரு, வரவே மாட்டேங்குறாரு,” என்று பெர்னதெத் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் ஒரு கணம் பெட்ரிசியாவைப் பார்த்தான். அவள் திரையைக் காட்டினாள்.

“ஓ, இதுவா! பயமுறுத்திட்டியேடி.” டொனால்ட் உட்கார்ந்து எதையோ தட்டினான். வீடு மறைந்து, வரி வரியாக எழுத்துகள் ஏறின. “அண்ணன் முடிக்காம விட்டது, அண்ணி. இதுல பாருங்க, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர். மெஷினு மேலேர்ந்து கீழ ஒன்னொன்னா படிச்சிக்கிட்டே வரும். நடுவுல ஒரு தனி வேலை இருந்தா, அதக் கீழ வேற எடத்துல எழுதி வச்சிருப்பாங்க. அங்க போகச் சொல்ல ரெண்டு வார்த்தை இருக்கு. ஒன்னு கோட்டூ, இன்னொன்னு கோசப்.”

“ரெண்டும் போறதுதானே?”

“அலாமாக், அண்ணி! தமிழச்சி கேக்குற கேள்வியா இது? வீட்ட விட்டு எறங்குறப்ப ‘போறேன்’னு சொன்னா ஏன் வாயில அடிக்கிறீங்க? கோட்டூன்னா ‘போறேன்’. போனவன் போனவன்தான், எங்கேர்ந்து வந்தோம்னு அவனுக்கு ஞாபகமே இருக்காது. கோசப்னா ‘போயிட்டு வரேன்’. கெளம்புன எடத்த மனசுல குறிச்சிக்கிட்டுத்தான் போவான்.”

“போனவன் எப்படி வருவான்?”

“அந்த வேலை முடியற எடத்துல ‘ரிட்டர்ன்’னு ஒரு வரி இருக்கணும். அதத் தொட்டதும் நேரா திரும்பிடுவான். அண்ணன் அந்த வரிய எழுதல. அதான் மனுஷன் வெளியவே நின்னுக்கிட்டு இருக்கான். ஒரே வரிதான் கொறை.”

அவன் அதைத் தட்டினான். பெட்ரிசியா, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. வீடு எழுந்தது, கதவு திறந்தது, மனிதன் போனான். திரை காலியாக இருந்தது. பிறகு, போன அதே ஓரத்திலிருந்து, அதே தத்தல் நடையில், அவன் உள்ளே வந்தான். பெர்னதெத் கைதட்டிக் குதித்தாள். டொனால்ட் நாடாவை ஓடவிட்டுப் புதிய புரோகிராமை அதில் ஏற்றினான். அது மறுபடியும் கீச்சிட்டது.

“திரும்பி வந்தா எங்க நிப்பான்?” பெட்ரிசியாவின் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. “மொதல்லேர்ந்தா?”

“இல்லலா. எந்த வரியிலேர்ந்து போனானோ, அதுக்கு அடுத்த வரி. நடுவுல எவ்வளவு நேரம் போச்சின்னே அவனுக்குத் தெரியாது. கொட்டாவி விட வாயத் தொறந்தவன், போயிட்டு வந்துதான் மூடுவான்.” டொனால்ட் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தான். பெர்னதெத்தும் சிரித்தாள்.

அடக்கம் முடிந்த நாள் பெட்ரிசியாவின் நினைவுக்கு வந்தது. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அழுதார்கள், கோப்பி குடித்தார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராக வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டில் யாரும் வரேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. சொல்லிக்கொண்டு போனவன் ஒருவன்தான். பெட்டிக்குள் இருந்தவன்.

•

முதலில் அது வளைவில் கேட்டது.

எஸ்டேட் செம்மண் சாலை எண்ணெய்ப்பனைக்கு நடுவே வந்து லயத்துப் பக்கம் திரும்பும் இடத்தில், ஆம்புரோஸ் மோட்டாரின் என்ஜினை அணைத்துவிடுவான். மிச்ச தூரத்தைச் சரிவிலேயே சத்தமில்லாமல் உருண்டு வருவான். பெட்ரோல் மிச்சம் என்பான். எப்போது வந்து நிற்பான் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அது என்று அவளுக்குத் தெரியும். ஓடிவரும் ஒரு என்ஜின் சட்டென்று வாய் மூடிக்கொள்வது. வருடக் கணக்கில் அவள் காது அந்த இடத்துக்காகவே பழகியிருந்தது. டொனால்ட் வந்து போனதற்கு மறுநாள் அந்தியில், பெர்னதெத் விளையாடிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, பனைகளுக்கு அந்தப்பக்கம் ஒரு மோட்டார் வந்தது. வளைவை அடைந்தது. நின்றது.

அவள் கையில் இருந்த துண்டைக் கீழே போடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். சரிவில் உருளும் டயர்களுக்கு இவ்வளவு நேரம், வாசலுக்கு முன் சாக்கடைக் கானைத் தாண்டும் பலகைக்கு இவ்வளவு நேரம் என்று அவள் உடம்பு தானாகக் கணக்கிட்டது. எதுவும் வரவில்லை. தவளைகள் கத்தின. யார் யாரோ வருவார்கள், போவார்கள், எஸ்டேட்டில் மோட்டாருக்கா பஞ்சம்.

அடுத்த நாள் மங்கம்மா வேலியோரம் வந்து நின்றாள். பக்கத்து வீடு. ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவள், குரல் மூன்று லயத்துக்குக் கேட்கும்.

“ஏம்புள்ள, நேத்து மோட்டாருல யாரு வந்தது ஒன் வீட்டுக்கு?”

“யாரும் வரலக்கா.”

“அட, மறைக்காத. ஒன் கொழுந்தன்தானே? நல்ல பையன்தான். ஊரு பேசும், பேசிட்டுப் போவுது. ஒங்க சாமியாருகிட்ட சொல்லிட்டு ஒரு கல்யாணத்த முடிச்சிக்க.” மங்கம்மா வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, “ஆனா ஏன்டி வண்டிய வளைவுலயே அணைச்சிட்டு வரான்? ஒன் வீட்டுக்காரன் மாதிரி,” என்றாள்.

அன்றைக்குக் கானின் பலகை கிறீச்சிட்டது. ஒரு ஆளின் பாரத்தை வாங்கும் கிறீச்சு, பிறகு பாரம் இறங்கும் கிறீச்சு. அதற்கு மறுநாள் அஞ்சடித் திண்ணையில், வாசலுக்கு வெளியே, ஃபேக்டரியிலிருந்து அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் வாசனை நின்றது. ஈயம் உருக்கும்போது எழும் பிசின் புகையும், மழையில் நனைந்த தலைத் தைலமும் கலந்தது. அவள் கதவைத் திறந்து பார்க்கவில்லை. கதவுக்கு இந்தப்பக்கம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பலகையின் அந்தப்பக்கம் யாரோ அதேபோல நிற்பதாக உள்ளங்கைக்குத் தோன்றியது. பகலில் வரவில்லை. வேலை, பள்ளிக்கூடம், விளையாட்டு என்று போனவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்து, வெளியே யாரும் பாக்கி இல்லாத பிறகுதான் அது வந்தது. கடைசியாகப் பெர்னதெத் உள்ளே வந்து கால் கழுவிய பிறகு. எப்போதும் அதற்குப் பிறகுதான்.

அவள் சாமியாரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வாள்? சாமி, என் புருஷன் திரும்பி வராமல் இருக்க மந்திரிச்சு விடுங்க என்றா? செத்தவனுக்காக அழாத பெண்ணின் மனம்தான் இப்படியெல்லாம் சத்தங்களை உண்டாக்குகிறது என்று அவளே தனக்குச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் நம்பவும் செய்தாள். ஆனால் மங்கம்மாவின் காது அழாதவள் காது இல்லையே.

டொனால்டுக்குச் சொல்லியனுப்பி, கம்ப்யூட்டரை எடுத்துப் போகச் சொன்னாள்.

“பாப்பா வெளையாடுதே அண்ணி,” என்றான் அவன், வயர்களைச் சுருட்டிக்கொண்டே.

“வேணாம். கண்ணு கெட்டுடும்.” பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: “டொனால்ட், அந்தப் பொம்ம… அந்த மனுஷன் திரும்பி வராம இருக்கணும்னா என்ன பண்ணணும்?”

“அந்தக் கடைசி வரிய அழிச்சிட வேண்டியதுதான்.”

“அழிக்க முடியலன்னா?”

அவன் யோசித்தான். இந்த மாதிரிக் கேள்வி அவனுக்குப் பிடிக்கும். எழுந்துவந்து, அவள் கழுவி வைத்த மங்குத் தட்டுகளில் ஒன்றை மேசைமேல் வைத்தான். “இது மொதல்ல போனவன். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான், சரியா? அவன் வரதுக்குள்ள இன்னொருத்தனையும் போயிட்டு வான்னு அனுப்புறீங்க.” முதல் தட்டின்மேல் இரண்டாவதை வைத்தான். “இப்ப எந்தத் தட்ட எடுக்க முடியும்?”

“மேல இருக்கறத.”

“அவ்வளவுதான். கடைசியா போனவன்தான் மொதல்ல வரணும். அவன் வராத வரைக்கும் கீழ இருக்கவன் அசைய முடியாது. அங்கேயே கெடக்க வேண்டியதுதான்.” மேல் தட்டை விரலால் சுண்டினான். அது ‘ணங்’ என்றது.

கம்ப்யூட்டர் போனது. மேசை காலியானது. மறுநாள் அந்தியில் வாசற்கதவின் தாழ்ப்பாள், வெளியே யாரோ தோளால் லேசாக அழுத்துவதுபோல, அதன் கொண்டியில் ஒருமுறை அசைந்தது. அந்தக் கதவை அவன் அப்படித்தான் சோதிப்பான்.

•

பெட்ரிசியாவின் அக்கா அந்தோனியம்மாள் சி ரூசாவில், கடற்கரைச் சாலையோரம் ஒரு ஓய்வு விடுதியில் துணி துவைக்கும் வேலையில் இருந்தாள். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பெர்னதெத்தை அங்கே அனுப்ப ஏற்பாடானது. அக்காவே வந்து அழைத்துப் போனாள். பஸ் நிற்கும் இடத்தில் பெர்னதெத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் போறேன்மா,” என்றாள், கோபமாக.

“அப்படிச் சொல்லாத!” பெட்ரிசியாவின் குரல் வெடித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து பிள்ளையின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். “போயிட்டு வரேன்னு சொல்லு. சொல்லு, கண்ணு.”

“போயிட்டு வரேன்.”

அந்த வார்த்தை அவளுக்குள் ஒரு தட்டுபோல இறங்கி உட்கார்ந்தது. பஸ் மறையும்வரை நின்றாள். வருகிறேன் என்று பிள்ளையைச் சொல்ல வைத்தாயிற்று. இனி அவள் வரவே கூடாது. எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா என்ற கேள்வியை மனதுக்குள் வரவிடாமல், அவள் வேகவேகமாக நடந்தாள்.

அன்று அந்தியில் மோட்டார் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போனது. பலகை பலகையாகவே கிடந்தது, தாழ்ப்பாள் தாழ்ப்பாளாக. ஜெனரேட்டர் கிளம்பியதும் அவள் வாசலில் போய் நின்று, வளைவைப் பார்த்து, காதைத் தீட்டிக் கேட்டாள். பனை ஓலைகள் உரசும் சத்தம்தான். அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். அந்தச் சரியின் விலை, ஆளில்லாத வீட்டில் ஒரு தட்டு மட்டும் வைத்துச் சாப்பிடுவது. முன்பு திரையில் பார்த்து ஆசைப்பட்ட அதே காலி வீடு. இப்போது அதன் நடுவில் அவளே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் தலையணையில் இன்னும் தேங்காய் எண்ணெய் வாசம் இருந்தது. அதை முகர்ந்துகொண்டே தூங்கினாள்.

எஸ்டேட் ஆபீஸுக்கு அக்கா போன் செய்தாள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அம்மா என்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. பெட்ரிசியா, காய்ச்சல் என்றாள், வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றாள், அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடேன் என்றாள். கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

“பெத்த புள்ளைய வெரட்டிவிட்டுட்டு நல்லாத்தான் தூங்குற,” என்றாள் மங்கம்மா வேலியோரம். இந்த முறை சிரிக்கவில்லை. “ஒனக்கு என்னாடி ஆச்சு?”

பெட்ரிசியா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடலுக்குப் பக்கத்தில் பிள்ளை உயிரோடு அழுதுகொண்டிருக்கிறது. அழட்டும். அழுகிற பிள்ளை நல்ல பிள்ளை.

•

மழை மதியத்திலிருந்தே பெய்தது. லயத்துக்குள் அந்தி சீக்கிரம் வந்துவிட்டது. ஜெனரேட்டர் கிளம்பி விளக்கு நடுங்கிய அந்த நேரத்தில், மழைக்கு ஊடே, பனைகளுக்கு அந்தப்பக்கம், ஒரு மோட்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

வளைவு. அது நிற்கவில்லை. இரைந்துகொண்டே வந்தது, சரிவிலும், கானருகிலும். பலகைமேல் தடதடவென்று காலடிகள், ஒன்றல்ல, இரண்டு பேருடையவை, ஒன்று மிகச் சிறியது. கதவு தள்ளப்பட்டது.

“வந்துட்டேன்மா!”

மழைக்கோட்டுக்குள்ளிருந்து பெர்னதெத் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா பின்னிவிட்ட இரட்டைப் பின்னல், நுனியில் நீல ரிப்பன். பின்னால் டொனால்ட் சொட்டச் சொட்ட நின்று சிரித்தான். “சி ரூசா பக்கம் ஒரு வேலையா போனேன் அண்ணி. பாப்பா கால்ல விழாத கொறையா அழுதிச்சி. சரி, ஒங்களுக்கும் ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு…”

கைகள் பிள்ளையை இறுக்கின. அந்தத் தலையின் ஈர வாசனை. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். பிறகு, மேல் தட்டு எடுக்கப்பட்டுவிட்டது என்பது புரிந்தது.

“யாரக் கேட்டு கூட்டிட்டு வந்த?”

“அண்ணி?”

“யாரக் கேட்டு? யாரு சொன்னா ஒனக்கு? எல்லாத்துலயும் கைய வைக்கணுமா நீ? அன்னைக்கும் அப்படித்தான். முடிக்காம கெடந்தத முடிச்சு வச்ச. ஒன்ன யாரு கேட்டா?” அவள் கத்திக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் விழுங்கியதெல்லாம் கேட்க வேண்டியவனை விட்டுவிட்டு இவன்மேல் கொட்டியது.

டொனால்டின் சிரிப்பு அணைந்தது. அது அணைந்தபோது அவன் முகம் முழுக்க அண்ணன் முகமாக இருந்தது. மழைக்கோட்டை எடுத்து உதறினான்.

அப்போதுதான் அவளுக்கு வழி தெரிந்தது. இவன் போகிறான். போகிறவன் சொல்லிவிட்டுப் போனால் போதும். ஒரு தட்டு. இன்றைக்கு ஒரு தட்டு. நாளைக்கு வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளலாம்.

“டொனால்ட், இரு. கோவிச்சிக்காத. சொல்லிட்டுப் போ. நல்லபடியா சொல்லிட்டுப் போ.”

அவன் வாசலைத் தாண்டிவிட்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்:

“நான் போறேன்.”

மோட்டார் கிளம்பியது. தூரம் போனது. மழையில் கரைந்தது.

பெட்ரிசியா கதவைச் சாத்தினாள். தாழிட்டாள். மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். அவளே சொல்லிவிட்டு வெளியே போகலாம். போயிட்டு வரேன் என்று. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். பின்பக்கமாக. மங்கம்மா வீட்டுக்கு. ஆமாம். அதுதான்.

“பெர்னா, வா. அம்மாகிட்ட வா.”

பதில் இல்லை.

அவள் காதைத் தீட்டினாள். வளைவில் ஒன்றுமில்லை. பலகையில் ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. வாசலில் அந்த வாசனை இல்லை.

வாசலில் இல்லை.

அவள் மெல்லத் திரும்பினாள்.

மேசை நகர்ந்த இடத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் நின்ற அதே வெறும் சிமெண்டுத் தரையில், பெர்னதெத் அசையாமல் நின்றிருந்தாள். முகம் மேலே நிமிர்ந்திருந்தது. அவளைவிட வெகு உயரத்தில், ஒன்றுமில்லாத ஒரு இடத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். யாரோ எதையோ வாங்கி வந்துவிட்டதுபோல.

பிறகு சிரிப்பு நின்றது.

இரண்டு பின்னல்களில் ஒன்று தோளிலிருந்து எழுந்தது. நீல ரிப்பன் நுனி நேராக மேலே போனது. பின்னல் கயிறுபோல விறைத்தது. பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குதிகால்கள், மிக நிதானமாக, கொஞ்சமும் சத்தமில்லாமல், தரையைவிட்டு எழும்பின.